சுத்திகரித்த கழிவுநீரை இன்னொரு முறை ஏன் வடிகட்டுகிறார்கள்?

கோயம்பேடு என்றதும் பஸ் ஸ்டாண்டும் காய்கறி மார்க்கெட்டும்தான் நினைவுக்கு வரும். அதே கோயம்பேட்டில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. 2019-இல் அதே வளாகத்தில் இன்னொரு நிலையம் வந்தது. முதல் நிலையம் சுத்திகரித்து முடித்த தண்ணீரை வாங்கி, மறுபடி வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புவதுதான் இதன் வேலை. வடசென்னையில் கொடுங்கையூரில் இதே அளவில் இன்னொன்று. அது மணலி ஆலைகளுக்கு. மெட்ரோ வாட்டர்க்காரர்கள் இவற்றை டிடிஆர்ஓ என்பார்கள். மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பும் ஆர்ஓவும் சேர்ந்தது என்று பொருள்.

ஏற்கெனவே சுத்திகரித்ததாகச் சொல்லும் தண்ணீருக்கு இன்னொரு நிலையம் எதற்கு? முதல் நிலையம் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லையா? ஒழுங்காகத்தான் செய்கிறது. ஆனால் அதற்குக் கொடுத்த வேலையே வேறு.

சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தில், அதாவது எஸ்டிபியில், முதலில் குப்பையையும் மண்ணையும் தடுத்து எடுக்கிறார்கள். கனமானவை தொட்டியில் அடியில் தங்கிவிடும். பிறகு வருவதுதான் முக்கியமான கட்டம். பெரிய தொட்டியில் காற்றை ஊதி ஊதிப் பாக்டீரியாக்களை வளர்க்கிறார்கள். கழிவில் கரைந்திருக்கும் சத்தை அவை தின்று பெருகும். பிறகு கொத்துக் கொத்தாகச் சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளியே போகும். கழிவுநீரை அப்படியே ஆற்றில் விட்டால் ஆற்று நீரின் ஆக்ஸிஜன் முழுதையும் அது குடித்துவிடும், மீன் செத்துப்போகும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு உருவானது. பிஓடி என்று அளக்கிறார்களே, அது இந்த ஆக்ஸிஜன் பசியின் அளவுதான். உள்ளே வரும்போது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருப்பது வெளியேறும்போது 10, 20-க்கு இறங்கிவிடும். ஆற்றில் விட அது போதும்.

பாக்டீரியா தின்னாதது என்ன ஆகும்? அப்படியே நீரோடு போகும். உப்பு போகும். வீட்டில் ஒருமுறை புழங்கினாலே தண்ணீரில் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் உப்பு கூடிவிடுகிறது. சோப்பு, சிறுநீர், சமையல் எல்லாம் சேர்த்துத்தான். எஸ்டிபி அதில் ஒரு துளிகூடக் குறைக்காது. மருந்துகளில் பலவும் அப்படியே. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின் எஸ்டிபியில் எந்த அளவில் நுழைகிறதோ கிட்டத்தட்ட அதே அளவில் வெளியே வரும். மூட்டு வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கில் ஒரு பகுதிதான் குறையும். அடியில் படியத் தவறிய நுண்துகள்களும் உண்டு. அப்புறம் கிருமிகள். 100 மில்லி கழிவுநீரில் ஒரு கோடி ஈகோலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 99 சதவீதம் போய்விட்டது என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. மீதி எவ்வளவு? ஒரு லட்சம்.

ஆக மிச்சம் இருப்பவை நான்கு வகை: துகள், கிருமி, கரைந்த கரிமப் பொருள், உப்பு. நான்கையும் ஒரே வடிகட்டியால் எடுக்க முடியாது. எடுக்க முடிந்தாலும் அந்த வடிகட்டி ஒரு நாள் தாங்காது. அதனால்தான் வரிசையாகப் பல வடிகட்டிகள் வைக்கிறார்கள். அந்த வரிசையில் ஒவ்வொன்றும் தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட, தனக்கு அடுத்து இருப்பதைக் காப்பாற்றத்தான் நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் மணல். கொஞ்சம் பெரிய அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பேஸ்மெண்ட்டில், எஸ்டிபி அறைக்குள், ஆள் உயர உருளைத் தொட்டிகள் இரண்டு நிற்கும். ஒன்றில் பிஎஸ்எஃப் என்றும் மற்றதில் ஏசிஎஃப் என்றும் எழுதியிருக்கும். முதலாவதில் மணல், இரண்டாவதில் கரி. மணல் துகள் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். அவற்றுக்கிடையே உள்ள சந்தைவிடப் பல மடங்கு சிறிய அழுக்கும் அதில் சிக்குகிறது. சந்து வழியாக வளைந்து வளைந்து போகும்போது அழுக்கு மணலில் மோதி ஒட்டிக்கொள்வதுதான் காரணம். கொஞ்சம் படிகாரமோ ஃபெர்ரிக் குளோரைடோ கலந்துவிட்டால் நுண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இன்னும் நன்றாக ஒட்டும்.

ஒட்டியது சேரச் சேர மணல் அடைத்துக்கொள்ளும். தொட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிரஷர் மீட்டர்கள் இருப்பது அதைக் காட்டத்தான். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் தண்ணீரை எதிர்த்திசையில் வேகமாக விட்டு மணலைக் கழுவ வேண்டும். பேக்வாஷ் என்பது இதுதான். பல குடியிருப்புகளில் மீட்டர் முள் எப்போதோ செத்துப்போய், பேக்வாஷும் நின்றுபோய், ஃப்ளஷ் தண்ணீர் நாறுகிறது என்று வாட்ஸப் குழுவில் சண்டை ஓடும். விலை அதிகமான புது இயந்திரம் வாங்குவதற்கு முன் அந்த இரண்டு மீட்டர்களை மாற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், சுருக்கமாக யுஎஃப். இங்கிருந்துதான் மெம்ப்ரேன், அதாவது சவ்வு வடிகட்டி, ஆரம்பம். பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய குழல்கள், ஒன்றின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆயிரக்கணக்கில் ஒரு கட்டாகக் கட்டி, நீளமான உருளைக்குள் செருகி, இரண்டு முனையிலும் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். குழலின் சுவரில் உள்ள துளை ஏறக்குறைய 0.02, 0.03 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈகோலி ஒன்றிரண்டு மைக்ரான் நீளம் இருக்கும். அது இந்தத் துளையில் நுழைய வழியே இல்லை. வைரஸ்களில் பெரும்பாலானவையும் நிற்கும். மிகச் சிறியவற்றில் கொஞ்சம் தப்பலாம். இதுவும் அடைத்துக்கொள்ளும் என்பதால் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை தானாகவே எதிர்த்திசையில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொள்ளும்.

பல ஆயிரம் குழல்களில் ஒன்று அறுந்தால்? கழிவுநீர் வடிபடாமல் அந்த ஓட்டை வழியாக நேரே போய்விடும். அதைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். நீரை நிறுத்திவிட்டு, குழல்களின் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துச் சில நிமிடம் காத்திருப்பார்கள். நனைந்த நுண்துளைக்குள் நிற்கும் நீரைத் தள்ளிக்கொண்டு போக அந்தக் காற்றுக்குப் பலம் போதாது. நல்ல குழல் என்றால் அழுத்தம் அப்படியே நிற்கும். அறுந்த குழலில் மட்டும் காற்று ஓடும், மீட்டர் முள் இறங்கும். எந்த உருளை என்று தெரிந்ததும் கழற்றி, குமிழி வரும் குழலின் முனையில் ஒரு சின்ன முளையைச் செருகி அடைத்துவிடுவார்கள். ஆயிரத்தில் ஒன்று போனால் உற்பத்தியில் நஷ்டம் ஒன்றும் தெரியாது.

யுஎஃப் தாண்டிய நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால் பளிங்கு மாதிரி இருக்கும். லேசாக மஞ்சள் தட்டலாம், அது கரைந்த கரிமப் பொருளின் நிறம். கலங்கல் இல்லை, பாக்டீரியா இல்லை. பூச்செடிக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் ஏசி கூலிங் டவருக்கும் இது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் ஆர்ஓ போட்டே ஆக வேண்டும் என்று நிற்பவர்கள் கரண்ட் பில்லையும், ரிஜெக்ட் என்று ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் உப்பு நீரையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கொதிகலனுக்கு நீர் வேண்டும், கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் உப்பு போயாக வேண்டும். உப்பு கரைந்து அயனிகளாகப் பிரிந்து கிடக்கிறது. யுஎஃப் துளை அதற்கு மிக மிகப் பெரிது.

ஆர்ஓவுக்குள் விடுவதற்கு முன் அந்த நீருக்கு ஒரு பரீட்சை உண்டு. எஸ்டிஐ டெஸ்ட் என்பார்கள். நீர் வடிகட்டியை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்பதன் அளவு அது. செலவில்லாத எளிய சோதனை, ஆனால் ஆர்ஓ நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் நம்புவது இதைத்தான். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தாள், அதில் 0.45 மைக்ரான் துளைகள். அதன் வழியாக 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீரை விட்டு, அரை லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்க்க வேண்டும். 25 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தாமல் 15 நிமிடம் ஓடவிட்டு மறுபடி அரை லிட்டர் பிடிக்க வேண்டும். இப்போது 40 விநாடி ஆகிறது என்றால் தாள் கொஞ்சம் அடைத்திருக்கிறது என்று பொருள். கணக்குப் போட்டால் எஸ்டிஐ 2.5 வரும். மூன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. அதே அரை லிட்டருக்கு 100 விநாடி ஆனால் எஸ்டிஐ 5. அந்த நீரை உள்ளே விட்டால் மெம்ப்ரேன் சீக்கிரம் பாழாகும். சோதனை முடிந்ததும் தாளை எடுத்துப் பார்ப்பார்கள். செம்மண் நிறம் என்றால் இரும்பு. பழுப்பாக, வழுவழுவென்று இருந்தால் உயிர்ப்பொருள். அனுபவமுள்ள ஆபரேட்டர் எண்ணைவிடத் தாளின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

சரி, ஆர்ஓவுக்கு வருவோம். வீட்டுச் சமையலறையில் மாட்டியிருப்பதால் பெயர் பழகிவிட்டது. வேலை செய்யும் விதம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. மாங்காயை நறுக்கி உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். உப்பு அதிகமாக உள்ள பக்கத்துக்கு, மாங்காயின் உயிரணுச் சவ்வைத் தாண்டி நீர் தானாக வந்துவிட்டது. ஆஸ்மாசிஸ் இதுதான். உப்புள்ள பக்கத்தில் போதுமான அழுத்தம் கொடுத்தால் நீரை எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பலாம். அப்படித் திருப்புவதால்தான் ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ். எவ்வளவு அழுத்தம் என்பது உப்பைப் பொறுத்தது. கடல்நீரின் இழுவையைச் சரிக்கட்டவே 27 பார் போல வேண்டும். உண்மையில் 55, 60-க்கு மேல் கொடுத்தால்தான் தண்ணீர் கணிசமாக வரும். கழிவுநீரில் உப்பு அதைவிட மிகக் குறைவு. 10 முதல் 15, 20 பார் வரை போதும்.

இந்த எண்ணம் வெகுகாலமாக இருந்தது, ஏட்டளவில். நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜனும் 1960 வாக்கில் உருவாக்கிய சவ்வுதான் அதை மாற்றியது. உப்பைத் தடுக்கும் படலத்தை மிக மெல்லியதாக மேலே வைத்து, அதற்குக் கீழே பஞ்சு போலத் துளைகள் கொண்ட தடித்த அடுக்கு அமையும்படி செய்தார்கள். தடுப்பது மெல்லிய படலம், தாங்குவது தடித்த அடுக்கு. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூரில் அந்தச் சவ்வை வைத்து ஊருக்குக் குடிநீர் கொடுத்தார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள பாலிஅமைடு படலம் 1970களில் ஜான் கெடாட் உருவாக்கியது.

யுஎஃப் போல இதில் துளை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 0.1, 0.2 மைக்ரான் தடிமனே உள்ள அந்தப் படலத்தில் நீர் மூலக்கூறு கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளிவருகிறது. உப்பு அயனிக்கு அந்தப் படலத்தில் கரையப் பிடிக்காது. அதனால் 97, 98 சதவீதத்துக்கு மேல் வெளியிலேயே நின்றுவிடும். தொழிற்சாலைகளில் வைக்கும் ஒரு மெம்ப்ரேன் 8 அங்குல விட்டம், 40 அங்குல நீளம். பாய் போலச் சுருட்டியிருக்கும் அதைப் பிரித்தால் 400 சதுர அடி வரும். அப்படி ஆறு ஏழு மெம்ப்ரேன்களை ஒரே குழாய்க்குள் வரிசையாகச் செருகுவார்கள். வரும் நீர் முதல் மெம்ப்ரேனில் கொஞ்சம் நல்ல நீரைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இரண்டாவதுக்குப் போகும், அங்கே கொஞ்சம் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்கு, இப்படியே. போகப் போக மிச்ச நீரில் உப்பு கெட்டிப்படும்.

அதனால் அந்தக் குழாயின் இரு முனைக்கும் வியாதி வேறு வேறு. முன்னால் இருக்கும் மெம்ப்ரேனில் பாக்டீரியா குடியேறி வழவழப்பான படலம் கட்டும், ஏனென்றால் சாப்பாடு முதலில் அங்கேதான் வருகிறது. கடைசி மெம்ப்ரேனில் கால்சியம் கார்பனேட்டும் சல்ஃபேட்டும் சிலிக்காவும் உப்பாகப் படியும், ஏனென்றால் அங்கேதான் செறிவு அதிகம். கடைசியில் படிவதைத் தள்ளிப்போட ஆன்டிஸ்கேலண்ட் கொஞ்சம் கலப்பார்கள். முன்னால் வருவதற்குக் குளோரின் போடலாமே என்று தோன்றும். போட முடியாது. பாலிஅமைடைக் குளோரின் அரித்துவிடும். கழிவுநீர் விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது: அதில் அமோனியா ஏற்கெனவே இருக்கும், குளோரின் விட்டால் அதோடு சேர்ந்து குளோரமைனாக மாறிவிடும். குளோரமைன் மெம்ப்ரேனை அவ்வளவாகத் தொடாது, பாக்டீரியாவை மட்டும் அடக்கி வைக்கும். அப்படியும் சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி, காரம் ஒரு சுற்று, அமிலம் ஒரு சுற்று விட்டுக் கழுவியாக வேண்டும். சிஐபி என்பார்கள். காரம் வழவழப்பை எடுக்கும், அமிலம் உப்புப் படிவைக் கரைக்கும்.

ஆர்ஓ தாண்டினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். பெரிய மருந்து மூலக்கூறுகள், மின்னூட்டம் உள்ளவை எல்லாம் நின்றுவிடும் என்பது உண்மைதான். மிகச் சிறிய, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகளை நீரிலிருந்து பிரித்தறிய அந்தப் படலத்துக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்ட்டியில் 1970களிலிருந்தே கழிவுநீரை ஆர்ஓவில் விட்டு நிலத்தடியில் செலுத்தி வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில், ஆர்ஓ தாண்டிய அந்த நீரிலேயே என்டிஎம்ஏ என்ற பொருள் இருப்பது தெரியவந்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அங்கே லிட்டருக்கு 10 நானோகிராம் தாண்டினாலே அறிவிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் அளவுக்கு வீரியம் உள்ளது. இதில் வேடிக்கை என்னவென்றால், மெம்ப்ரேனைக் காப்பாற்றப் போடும் குளோரமைனே சில கரிமப் பொருள்களோடு சேர்ந்து என்டிஎம்ஏவை உருவாக்கும். தீர்வு புற ஊதா ஒளி. கிருமியைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு வீரியமாக அடித்தால் அந்த மூலக்கூறு உடைந்துவிடும். கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தால் மற்ற சில நுண்பொருள்களும் உடையும். 2008-இல் அங்கே தொடங்கிய பெரிய நிலையத்தில் யுஎஃப் போன்ற மைக்ரோ ஃபில்ட்ரேஷன், ஆர்ஓ, பெராக்சைடுடன் புற ஊதா என்ற மூன்றும் வரிசையாக நிற்கின்றன. 2023-இல் விரிவாக்கிய பிறகு அதன் திறன் நாளொன்றுக்கு 49 கோடி லிட்டர்.

இனி யாரும் அதிகம் பேசாத பக்கம். ஆர்ஓ எதையும் அழிப்பதில்லை. நான்கு லிட்டர் உள்ளே விட்டு மூன்று லிட்டர் நல்ல நீர் எடுத்தால், அந்த நான்கு லிட்டரில் இருந்த உப்பும் மருந்தும் மிச்சமுள்ள ஒரு லிட்டருக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். 4.5 கோடி லிட்டர் நல்ல நீர் வேண்டுமென்றால் இந்தக் கணக்குப்படி 1.5 கோடி லிட்டர் ரிஜெக்ட் தினமும் வரும். கடற்கரை ஊராக இருந்தால் கடலில் விடலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. உள்நாட்டு ஊர் என்ன செய்யும்?

இதற்குத் திருப்பூரைப் பார்க்க வேண்டும். சாய நீரில் உப்பு மிக அதிகம், ஏனென்றால் பருத்தியில் சாயம் ஏறவே உப்பு கொட்ட வேண்டும். பல ஆண்டுகளாக அது நொய்யலில் கலந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் தொட்டியானது. நதியில் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் சொன்னது. நடக்கவில்லை என்றானதும் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்ஓவை ஒன்றன் பின் ஒன்றாகப் பல கட்டமாக அடுக்கி, ரிஜெக்ட்டையே மறுபடி மறுபடி பிழிந்து, கடைசியில் கெட்டியாக மிஞ்சுவதை நீராவியால் கொதிக்க வைத்து உப்பாக எடுக்கிறார்கள். நல்ல நீர் சாயப்பட்டறைக்கே திரும்பிப் போகிறது. உப்புக் கரைசலில் ஒரு பகுதியையும் மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் தங்குகிறது. செலவில் பெரும்பகுதியைத் தின்பது அந்தக் கடைசிக் கொதிப்புதான். ஆர்ஓ போட்டுவிட்டோம் என்று யாராவது சொன்னால், ரிஜெக்ட் எங்கே போகிறது என்று கேட்பது என் வழக்கம். பதில் தயங்கித் தயங்கி வந்தால் நிலவரம் புரிந்துவிடும்.

ஆர்ஓ இல்லாமலே குடிநீர்த் தரம் வரை போக முடியுமா? நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக் 1968-லிருந்து போய்க்கொண்டிருக்கிறது. கோரியங்காப் என்ற இடத்தில் உள்ள நிலையத்தில் கழிவுநீரைக் குடிநீராக்கி, மற்ற தண்ணீரோடு கலந்து நேராக ஊர்க் குழாயில் விடுகிறார்கள். 2002-இல் கட்டிய புது நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர். வறண்ட நாட்டுக்கு நடுவே, கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் ஊர். ரிஜெக்ட்டைக் கொட்ட இடமில்லை. அதனால் ஓசோன், கரி, யுஎஃப், குளோரின் என்று அடுக்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம் நிலையத்துக்கு வெளியே இருக்கிறது: தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்கவிடாமல் தனிக் குழாயில் பிரித்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கரி வேலை செய்வது வேறு விதம். தேங்காய்ச் சிரட்டையையோ நிலக்கரியையோ சுட்டு, நீராவியில் பதப்படுத்தி, உள்ளே கணக்கற்ற நுண்துவாரங்கள் உண்டாகும்படி செய்கிறார்கள். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் 1000 சதுர மீட்டர் வரை வரும். சென்னைக் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல். நீரோடு ஒட்டாத கரிம மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டாது. அதனால் அபார்ட்மெண்ட்டில் ஏசிஎஃப் தாண்டிய நீரின் டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, குறையவில்லையே என்று மீட்டரை விட்டுப் பார்த்துச் சண்டை போடுவதில் பயனில்லை. நிறமும் வாடையும் குறைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். பரப்பு நிரம்பிவிட்டால் கரியை எடுத்துச் சூளையில் சுட்டுப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். நிரம்பிய கரி வெளியே பார்க்கப் புதுக் கரி மாதிரியேதான் இருக்கும். அதனாலேயே பல இடங்களில் அது வருஷக்கணக்கில் மாற்றப்படாமல் கிடக்கிறது.

ஓசோன் மூலக்கூறுகளைப் பிடித்து வைப்பதில்லை, உடைக்கிறது. உடைந்த துண்டுகள் என்ன ஆகும்? அவை பாக்டீரியா தின்னும் அளவுக்குச் சிறிதாகிவிடும். அதனால் ஓசோனுக்குப் பின்னால் பாக்டீரியா வளர்ந்த மணல் படுகையோ கரிப் படுகையோ வைப்பது வழக்கம். நீரில் புரோமைடு இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றிவிடும், அதுவும் கெடுதலானது. சுவிட்சர்லாந்தில் இந்த வழியைத்தான் நாடு முழுவதும் கொண்டுபோகிறார்கள். அங்கே தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. ஆனால் சின்ன நாடு. ஒரு ஊர் ஆற்றில் விட்டது அடுத்த ஊரின் குடிநீர் ஆகிறது, மீனுக்கும் பாதிப்பு. 2014-இல் டியூபெண்டார்ஃப் ஊரின் நோய்குட் நிலையத்தில் ஓசோன் முழு அளவில் ஓடத் தொடங்கியது. 2016-இல் சட்டமே வந்தது: குறிப்பிட்ட பெரிய நிலையங்கள் ஓசோனோ கரியோ வைத்து, பட்டியலில் உள்ள மருந்துகளையும் மற்ற நுண்பொருள்களையும் 80 சதவீதம் குறைக்க வேண்டும். செலவுக்குத் தலைக்கு ஆண்டுக்கு 9 ஃப்ராங்க் வரை வசூல். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புது விதியில் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் கூடுதல் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனத் தயாரிப்பாளர்கள் கட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்தவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: இதைக் குடிக்கலாமா? சிங்கப்பூர் பதில் வைத்திருக்கிறது. 2000-இல் பெடோக்கில் முன்மாதிரி நிலையம் போட்டு, இரண்டு ஆண்டுகள் சோதித்து, 2002 தேசிய தினத்தில் பிரதமர் கோ சோக் டோங்கும் கூட்டத்தில் இருந்தவர்களும் நியூவாட்டர் என்று பெயரிட்ட அந்த நீரின் பாட்டிலைத் தூக்கிக் குடித்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பெடோக்கிலும் கிராஞ்சியிலும் பெரிய நிலையங்கள் ஓடத் தொடங்கின. அங்கும் பெரும்பகுதி சிப் ஆலைகளுக்கும் குளிரூட்டும் அமைப்புகளுக்கும்தான் போகிறது. சாதாரணக் குழாய் நீரைவிட உப்பு குறைந்த நீர் என்பதால் சிப் ஆலைக்காரர்களுக்கு இது லாபம். வறட்சிக் காலத்தில் கொஞ்சத்தை நீர்த்தேக்கத்தில் கலந்து, வழக்கமான குடிநீர்ச் சுத்திகரிப்பைத் தாண்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நுட்பத்தில் முடியாதது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கட்டமும் இந்த நிமிடம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இடைவிடாமல் அளக்கவும், சந்தேகம் வந்தால் நீரை உடனே திருப்பிவிடவும் ஆளும் ஒழுங்கும் இருந்தால் குடிக்கலாம். வீட்டு ஆர்ஓவை அபார்ட்மெண்ட் எஸ்டிபி நீரில் மாட்டிக் குடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அதில் மெம்ப்ரேன் கிழிந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

சென்னையில் இப்போதைக்கு இது தொழிற்சாலை நீர்தான், எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் போன்ற ஆலைகள் 1990களின் தொடக்கத்திலேயே நகரத்துக் கழிவுநீரை வாங்கி ஆர்ஓ செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் ஏரியில் மிஞ்சும் ஒரு லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நகரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்றிலிருந்து நான்கு யூனிட் செலவாகும். சுத்திகரித்த கழிவுநீரை யுஎஃப், ஆர்ஓ, புற ஊதா எல்லாம் தாண்ட வைக்க ஏறக்குறைய ஒரு யூனிட். உப்பு குறைவு, அழுத்தம் குறைவு, அவ்வளவுதான் காரணம். ஆனாலும் நெம்மேலியில் 2024-இல் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது கடல்நீர் ஆலை திறந்தாயிற்று, பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு இன்னொரு ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். கழிவுநீர் பக்கம் இரண்டு டிடிஆர்ஓவும் சேர்ந்து 9 கோடி. கடல்நீர் என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு: கழிவுநீரை ஆர்ஓ வரை கொண்டுவர, அதற்கு முன்னால் இருக்கும் எஸ்டிபி ஒரு நாள்கூடச் சொதப்பாமல் ஓட வேண்டும். அங்கே காற்று ஊதும் புளோயர் ஒரு ராத்திரி நின்றால், மறுநாள் காலையில் எஸ்டிஐ தாள் பழுப்பாகிவிடும்.